பிடுங்க வராத புல்

பத்தொன்பது வருஷம் புல்லைக் கொன்று பிழைத்த ஒருத்தி, புல்லை வளர்த்துக் காட்டுகிறேன் என்று துரையிடம் போய் நின்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? தோட்டமே சிரித்தது. கங்காணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். பேச்சியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு அது விளையாட்டுக் காரியம் இல்லை. புல் வளர்ந்தால் அவள் இந்த மலாய் நாட்டு ஜொகூரில் இருப்பாள். வளராவிட்டால் கப்பலேறி நாகப்பட்டினம் போய் இறங்குவாள். நடுவில் வேறு வழி கிடையாது.

அவள் இந்த ரப்பர் தோட்டத்துக்கு வந்தது 1912இல், புருஷன் வீரமுத்துவோடு. பாசிர் கூடாங் கடற்கரையிலிருந்து மாட்டுவண்டியில் அரை நாள் உள்ளே வரவேண்டிய தோட்டம். அவனுக்குப் பால் வெட்டும் வேலை, அவளுக்குக் களையெடுக்கும் வேலை. அந்தக் காலத்துத் துரைமார்களுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. ரப்பர் மரத்தைத் தவிரத் தரையில் வேறெதுவும் பச்சையாக இருக்கக் கூடாது. மண் கோயில் பிராகாரம் போலத் துடைத்துக் கிடக்க வேண்டும். ஒரு புல் தலை காட்டினால் மரத்தின் பாலையெல்லாம் அதுதான் உறிஞ்சிக் குடித்துவிடும் என்று நினைத்தார்கள். படித்தவர்கள் சொன்னார்கள், படிக்காதவர்கள் குனிந்து பிடுங்கினார்கள்.

பிடுங்குவதற்கு ஒரு முறை உண்டு. எட்டுப் பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார வேண்டும். புல்லின் தலையைப் பிடித்து இழுக்கிறவள் வேலைக்கு லாயக்கில்லாதவள். விரலை மண்ணுக்குள் விட்டு வேரோடு எடுக்க வேண்டும். எடுத்ததை இடது மணிக்கட்டில் ஒரு தட்டுத் தட்டி மண்ணை உதறி, வேர் வானத்தைப் பார்க்கும்படி குவித்து வைக்க வேண்டும். வேர் மண்ணைத் தொட்டால் ஒரே மழையில் பிழைத்துக்கொள்ளும். காளியப்பன் கங்காணி கம்பால் குவியலைக் கிளறிப் பார்ப்பார். ஒரு வேர் கீழே பார்த்துக் கிடந்தாலும் அன்றைக்கு வாய்க்கு வந்தபடி திட்டு விழும். பேச்சியம்மாள் அந்தத் திட்டை வாங்கியதே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் இது லாலாங், இது கோரை, இது சேலையில் ஒட்டுகிற புல் என்று சொல்லிவிடுவாள். அவள் கை சும்மா இருக்காது. கல்யாண வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாலும், எழுந்து போகும்போது அவள் இருந்த இடத்தைச் சுற்றி ஒரு முழத்துக்கு மண் மொட்டையாக இருக்கும்.

1931 சித்திரையில் வீரமுத்துவைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. அஸ்தியைக் கரைக்கப் பாசிர் கூடாங் கடலுக்குப் போனார்கள். எல்லாம் முடிந்து, ஈரச் சேலையோடு கரையில் உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டிருக்கும்போதே அவள் கை வழக்கம்போலப் பக்கத்தில் கிடந்த புல்லைப் பிடுங்கப் போயிற்று. வரவில்லை. இன்னொரு முறை இழுத்தாள். தலை அறுந்து கையோடு வந்ததே தவிர வேர் அசையவில்லை. அழுகையை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தாள். ஊசி ஊசியாக, தரையோடு தரையாக, பாய் விரித்தாற்போல் கிடந்த புல். கீழே சத்தில்லாத வெறும் மணல். ஆடு மேய்கிறது, மலாய்க்காரப் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள், வலையை இழுத்துப் போட்டு உலர்த்துகிறார்கள். யாரும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றியதில்லை. அது பாட்டுக்கு இருந்தது. புருஷனைக் கடலில் விட்ட நாளில் ஒரு புல்லோடு மல்லுக்கு நின்றோமே என்று பிற்பாடு அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் அந்தப் புல்லை அவள் மறக்கவில்லை.

அதே சமயத்தில் துரை வேறொரு புல்லோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார்.

தோட்டத்து ரப்பர் தொழிற்சாலைக்குத் தண்ணீர் வேண்டும் என்று ஓர் ஓடையை மறித்துக் கரை கட்டியிருந்தார்கள். அது பெருகி ஏரியாகிவிட்டது. ஏரியின் மறுகரையில், உப்பைக் கொட்டி வைத்ததுபோல் வெள்ளை மணலாகக் கிடந்த மேட்டில், துரை பலகையால் ஒரு சின்ன வீடு கட்டினார். பங்களா என்று சொன்னால் பொய். குடிசை என்று சொன்னால் துரைக்குக் கோபம் வரும். ஆகையால் ஜனங்கள் ஏரி வீடு என்றார்கள். சனி, ஞாயிறுகளில் அவர் அங்கே போய் மீன் பிடிப்பார், குளிப்பார், சாய்வு நாற்காலியில் கிடப்பார். வீடு அவர் ஆசைப்படி அமைந்துவிட்டது. வாசலில் புல்தரைதான் அமையவில்லை. காலை வைத்தால் கணுக்கால் வரை மணல் புதைந்தது. காற்றடித்தால் மணல் சோற்றுத் தட்டு வரை வந்தது.

முதலில் சீமையிலிருந்து தகர டப்பாவில் விதை வந்தது. தெளித்தார்கள், முளைத்தது, துரை போட்டோ பிடித்தார். பதினைந்தாம் நாள் மஞ்சளாகிப் போயிற்று. அடுத்தது, மலையடிவாரத்துச் செம்மண்ணை வண்டி வண்டியாகக் கொட்டிப் பரப்பினார்கள். ஒரு மழை. செம்மண் அத்தனையும் ஏரிக்குள் இறங்கி, தொழிற்சாலைக் குழாயில் ஒரு வாரம் தேநீர் நிறத்தில் தண்ணீர் வந்தது. மூன்றாவதாக, சிங்கப்பூரிலிருந்து அகலப் புல்லைப் பத்தை பத்தையாக வெட்டிக் கொண்டுவந்து பதித்து, இரண்டு தோட்டக்காரர்களைக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஊற்றும்வரை இருந்தது. நிறுத்திய வாரம் செத்தது.

அப்போது பார்த்து ரப்பர் விலை அதல பாதாளத்துக்குப் போயிற்று. தோட்டக்காரர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். பால் வெட்டு பாதியாகக் குறைந்தது. களையெடுப்பே வேண்டாம், புல் இருந்தால் இருக்கட்டும் என்று கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. இத்தனை வருஷம் மரத்துப் பாலைக் குடித்த புல், விலை விழுந்ததும் ஒரே நாளில் சாதுவாகிவிட்டது! ஆள் குறைப்புக்கு லிஸ்ட் தயாரானது. வயசானவர்கள், நோயாளிகள், ஆண் துணையில்லாத பெண்கள் என்று அறுபத்து மூன்று பேரை ஊருக்குத் திருப்பி அனுப்புவதாக ஏற்பாடு.

புரட்டாசி மாதம் ஒரு சனிக்கிழமைக் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும் களத்தில், ஜெயபாலன் கிராணி அந்த லிஸ்ட்டைப் படித்தார். களையெடுக்கும் எட்டுப் பேரில் மூன்று பேர் அதில் இருந்தார்கள். அவள் தோழி கிருஷ்ணம்மா ஒருத்தி. பேச்சியம்மாள் ஒருத்தி.

மற்றவர்கள் அழுதார்கள். பேச்சியம்மாளுக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. ஊரில் அவளுக்கு என்ன இருக்கிறது? அண்ணன் வீட்டு அடுப்படியில் ஒரு மூலை, அதுவும் அண்ணி மனசு வைத்தால். இங்கே அவள் ஒரே மகள் செல்லம் செனாய்ப் பக்கத்துத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டு, முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருக்கிறாள். பெண்ணை ஒரு கரையில் விட்டுவிட்டுத் தான் இன்னொரு கரையில் போய்ச் சாவதா? பெரட்டு கலைந்ததும் நேரே ஏரி வீட்டுக்கு நடந்தாள். துரை வாசலில் நின்று செத்த புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிராணி ஏதோ காகிதத்தில் கையெழுத்து வாங்க அவள் பின்னாலேயே வந்து சேர்ந்தார்.

"தொரை, இந்த மணலுக்கு உங்க சீமைப் புல்லு தாங்காது. வெள்ளைக்காரப் பிள்ளை மாதிரி அதுக்கு நாள் முழுக்க ஓர் ஆயா வேணும். தண்ணி இல்லாம, எரு இல்லாம, ஆள் இல்லாம நிக்கிற புல்லு எனக்குத் தெரியும்."

துரைக்குத் தமிழ் வரும். தோட்டத்துக்குள் கற்றுக்கொண்ட தமிழ். மரியாதை தவிர மற்றதெல்லாம் அதில் இருக்கும். "நீ புல் பிடுங்குற பொம்பளே. உனக்குப் புல் வளர்க்க என்ன தெரியும்?"

"பத்தொம்பது வருஷமாப் பிடுங்குறேன். எது பிடுங்க வரும், எது வராதுன்னு என்னை விட யாருக்குத் தெரியும்?"

துரை யோசித்தார். மாசிக் கடைசியில் கம்பெனியின் பெரிய முதலாளி லண்டனிலிருந்து வருகிறார். ஏரி வீட்டில் இரண்டு நாள் தங்குவார். கப்பல் பங்குனியில். "சரி. முதலாளி வரும்போது மணல் தெரியக் கூடாது. புல் இருந்தா, நீ இங்கே இருந்து புல் பார்த்துக்கோ. லிஸ்ட்ல பேர் எடுத்துடலாம். புல் இல்லே, நீயும் இல்லே."

கிராணி சிரித்தது அப்போதுதான். கங்காணியும் தோட்டமும் அன்று சாயங்காலத்துக்குள் சிரித்துவிட்டார்கள்.

எந்தப் புல் என்பதை மட்டும் அவள் மூச்சுக்கூட விடவில்லை. சொன்னால் காளியப்பன் கங்காணி முந்திக்கொண்டு போய்த் தன் யோசனை என்று சொல்லிவிடுவார் என்ற பயம். அந்தப் பயத்துக்குப் பழைய காரணங்கள் நிறைய உண்டு. கருவாடு வாங்கப் பாசிர் கூடாங்குக்கு வாரம் இரண்டு முறை வண்டி ஓட்டும் நைனா முகம்மதுவைப் பிடித்தாள்.

"பாய், போகும்போது நானும் வர்றேன். வரும்போது கொஞ்சம் புல்லுக் கட்டு ஏத்தணும்."

"அலமாக்! கருவாட்டு வண்டியில புல்லா? என் மாடு திரும்பித் திங்காம இருந்தா சரிதான்."

"தின்னா தின்னட்டும். தின்னத் தின்ன முளைக்கிற புல்லு பாய் அது. நீங்க யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"சொல்ல என்னம்மா இருக்கு, நான் கருவாட்டைப் பத்திப் பேசவே நேரம் போதலை."

நாலு நடையில் பன்னிரண்டு சாக்கு வந்து இறங்கியது. கம்பம் என்கிற கடலோரக் கிராமத்து மலாய்க்காரர்கள், புல்லை வெட்டிக்கொண்டு போகிறவளை வேடிக்கை பார்த்தார்களே தவிரத் தடுக்கவில்லை. சாக்கெல்லாம் கருவாட்டு நாற்றம். பேச்சி மீன் எருவை மூட்டை மூட்டையாகக் கொண்டுபோய்த் துரை வீட்டு வாசலில் கொட்டுகிறாள் என்று கூலி வீட்டு வரிசையான லயமெல்லாம் பேச்சு. பேசிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். ஏரி வீட்டுப் பக்கம் வேறு யாரும் வரக் கூடாது என்பது துரையின் கட்டளை. அது அவளுக்கு வசதியாகப் போயிற்று.

கொடியை விரல் நீளத்துக்கு அறுத்தாள். துண்டுக்கு இரண்டு கணு. ஒரு கணு மணலுக்குள், ஒரு கணு வெளியே. சாணுக்கு ஒன்றாக வரிசை பிடித்து ஊன்றிக் குதிகாலால் அழுத்தினாள். செம்மண்ணும் போடவில்லை, எருவும் போடவில்லை. பத்து நாள் மட்டும் மண்ணெண்ணெய்த் தகரத்தில் ஏரித் தண்ணீரை மொண்டு தெளித்தாள். பதினோராம் நாள் தகரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

"ஏன் நிறுத்திட்டே?" என்று துரையிடம் கையெழுத்துக்கு வந்த கிராணி கேட்டார்.

"பழக்கிவிடக் கூடாதுங்க. அப்புறம் அது கையைப் பார்த்துக்கிட்டே நிக்கும்."

ஒரு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. நட்ட துண்டு நட்டபடி நின்றது; வளரவுமில்லை, சாகவுமில்லை. துரை வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். பேச்சியம்மாளுக்கும் ஒருநாள் சந்தேகம் வந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்துகொண்டு, ஒரு துண்டின் பக்கத்தில் விரலை விட்டுத் துழாவினாள். மணலுக்கடியில் வெள்ளை நூல்போல் ஒரு வேர்க்கொடி அரைச் சாண் தூரம் ஓடியிருந்தது. "கள்ளி, அடியில வேலை பார்க்கிறியா?" என்று சொல்லி மண்ணை மூடிவிட்டு எழுந்தாள். அன்றைக்கு லயத்துக்குத் திரும்பும்போது அவள் நடையே வேறு மாதிரி இருந்தது. கார்த்திகை, மார்கழி மழையில் வரிசையும் வரிசையும் கைகோத்துக்கொண்டன. தை பிறந்தபோது மணல் அங்கங்கேதான் கண்ணில் பட்டது.

அந்த நேரத்தில் செனாயிலிருந்து ஆள் வந்தது. செல்லத்துக்கு இடுப்பு வலி. பேச்சியம்மாள் போட்டது போட்டபடி கிளம்பினாள். வண்டி பாதி, மோட்டார் பஸ் பாதியாகப் போய்ச் சேர்ந்தபோது பெண் குழந்தை பிறந்து வீறிட்டுக்கொண்டிருந்தது. ஐந்து நாள் மகளுக்குப் பத்தியம் வைத்துக் கொடுத்துவிட்டு, மனமில்லாமல் திரும்பினாள்.

ஏரிக்குப் போகும் பாதையிலேயே கிருஷ்ணம்மா காத்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் பல்லாக ஓடி வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"வந்து பாருக்கா! ஒத்தப் புல்லு இருக்கா பாரு!"

பேச்சியம்மாள் பார்த்தாள். ஏரி வீட்டு வாசலில் வெள்ளை மணல் பளிச்சென்று கிடந்தது. துடைத்து வைத்த பிராகாரம்.

நடந்தது இதுதான். தோழி ஊரில் இல்லை, அவள் வேலை கெட்டுப்போகக் கூடாது என்று கிருஷ்ணம்மாவும் மற்ற ஆறு பேரும் முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, லீவு நாளில், கட்டளையையும் மீறி உதவி செய்ய வந்திருந்தார்கள். துரை சிங்கப்பூர் போயிருந்தார், தடுக்க ஆளில்லை. பேச்சியக்கா சீமைப் புல் விதைத்து மீன் எரு போட்டிருக்கிறாள் என்பதுதான் அவர்களுக்குத் தெரியும். இங்கே வந்து பார்த்தால், ஐந்து நாளில் என்னமோ ஊசி ஊசியாக ஒரு காட்டுக் களை தரையெல்லாம் படர்ந்து கிடந்தது. பாவம், விதை மூச்சுவிட முடியாமல் உள்ளே கிடக்கிறதே! ஏழு பேரும் வரிசையாகக் குந்தினார்கள். மதியத்துக்குள் முடித்துவிட்டார்கள். குப்பையைத் துரை கண்ணில் படாமல் ஏரிக்கரையின் சரிவில் கொண்டுபோய், வேர் வானம் பார்க்கக் குவித்துவிட்டும் வந்திருந்தார்கள்.

"அடிப் பாவிகளா!" என்றாள் பேச்சியம்மாள். தொப்பென்று மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

கிருஷ்ணம்மாவுக்கு மெதுவாகத்தான் புரிந்தது. "அதுதானா? அந்த முள்ளு மாதிரி இருந்ததா? ஐயோ அக்கா, அதையா நீ..." சொல்லி முடிப்பதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. அவள் பெயரும் லிஸ்ட்டில் இருந்தது என்பதை மறக்கக் கூடாது. தான் போவது உறுதியான பிறகும், போகாமல் இருக்கப்போகிறவளுக்காக லீவு நாளில் வந்து முதுகொடிந்தவள். அவளை என்னவென்று திட்டுவது?

பேச்சியம்மாளின் கை மட்டும் வழக்கம்போலச் சும்மா இருக்கவில்லை. மணலுக்குள் விரலை விட்டுத் துழாவியது. ஓரிடத்தில் நின்றது. மணலைத் தள்ளிப் பார்த்தாள். அறுந்த நுனியோடு வெள்ளை நூல். பக்கத்தில் தோண்டினாள். அங்கேயும். நாலடி தள்ளிப் போய்த் தோண்டினாள். அங்கேயும்.

"கிருஷ்ணம்மா, நீங்க வேலையை ஒழுங்காச் செய்யலைடி. எல்லாம் தலையோட அறுந்து வந்திருக்கு. வேர் பாதி உள்ளேயே கிடக்கு."

"நாங்க நல்லா விரலை விட்டுத்தாங்க்கா இழுத்தோம். வரலை. நேரமாச்சுன்னு..."

"வராது. அது வராதுடி!" பேச்சியம்மாள் அவளைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். அரைகுறை வேலைக்காக அவள் சந்தோஷப்பட்டது வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான்.

அன்று சாயங்காலமே எட்டுப் பேரும் சேர்ந்து கரைச் சரிவுக்குப் போனார்கள். குவியலின் மேல்பக்கம் காய்ந்து சருகாகிவிட்டது. நடுவில் இருந்ததில் இன்னும் உயிர் இருந்தது. அதைப் பிரித்து எடுத்துவந்து, மணலில் இந்த முறை நாலு விரலுக்கு ஒன்றாக நெருக்கி நட்டார்கள். பிடுங்கிப் பழகிய கை நடுவதற்கு லேசில் வசப்படவில்லை. ஒருத்தி பழக்க தோஷத்தில் ஒரு வரிசை முழுக்க வேர் வானம் பார்க்கவே நட்டு வைத்தாள். இருட்டுவதற்குள் முடிந்தது. குவியலின் அடியில் மிச்சம் கிடந்ததை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

தையில் கடைசி மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. வருஷா வருஷம் நடப்பதுபோல் ஏரிக்கரை சரிந்தது. மணற்கரைதானே, என்ன செய்யும்? காளியப்பன் கங்காணி ஆட்களைச் சேர்த்து, கூடை கூடையாகக் களிமண் சுமந்து அடைத்தார். ஆட்கள் ஓரிடத்தை மட்டும் அடைக்காமல் தாண்டித் தாண்டிப் போவதைப் பேச்சியம்மாள் தூரத்திலிருந்து பார்த்தாள். பார்த்தாளே தவிர யோசிக்கவில்லை. அவள் கவலையெல்லாம் வாசலில் இருந்தது. அங்கே, உள்ளே கிடந்த வேர் கிளம்பி வர, மேலே நட்டது இறங்கிப் போக, இரண்டும் பின்னிக்கொண்டு முன்னைவிட அடர்த்தியாக வந்துகொண்டிருந்தது. மாசி பாதியில் மணலே தெரியவில்லை.

முதலாளி வந்தார். காரிலிருந்து இறங்கினார், செருப்பைக் கழற்றினார், வெறுங்காலோடு புல்லில் நடந்துபோய் நாற்காலியில் சாய்ந்தார். இரண்டு நாள் மீன் பிடித்தார், தூங்கினார், புறப்பட்டுப் போனார். சமையலறைக்குப் பின்னால் நின்று பேச்சியம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். புல்லைப் பற்றி அந்த மனுஷன் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் முதலில் ஏமாந்து போனாள். பிறகு, அவர் காலில் ஒரு மணல்கூட ஒட்டவில்லை, பின்னே எதைப் பற்றிப் பேசுவார் என்று தேற்றிக்கொண்டாள்.

திங்கட்கிழமை துரை அவளை ஏரி வீட்டு வாசலுக்குக் கூப்பிட்டார். கிராணி லிஸ்ட்டோடு பக்கத்தில் நின்றார்.

"நல்ல புல். இனிமே தண்ணி ஊத்தணுமா?"

"வேண்டாம் தொரை."

"எரு?"

"ஒண்ணும் வேண்டாம்."

"வெட்டணுமா?"

"வருஷத்துக்கு ரெண்டு தடவை அரிவாளை வீசினா ஜாஸ்தி." பெருமையில் அவள் நெஞ்சு நிமிர்ந்துகொண்டே போயிற்று. "அது பாட்டுக்கு நிக்கும். யாரும் வேண்டாம்."

துரை தலையைச் சொறிந்தார். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் இன்னும் ஆளைக் குறை என்று முதலாளி சொல்லிவிட்டுப் போயிருந்தார். "யாரும் வேண்டாம்னா, நீ எதுக்கு? பார்த்துக்கிற வேலையே இல்லையே?"

பேச்சியம்மாளுக்கு அப்போதுதான் புரிந்தது. அத்தனை நாள் ரகசியம் காத்த வாய், ஒவ்வொரு பதிலாகச் சொல்லித் தன் கப்பலுக்குத் தானே சீட்டு வாங்கிவிட்டது. ஐந்து மாதம் பாடுபட்டு, ஆளே தேவைப்படாத ஒன்றை வளர்த்துக் கொடுத்திருக்கிறாள். கிராணி சங்கடத்தோடு ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவளும் அந்தப் பக்கம் பார்த்தாள். ஓடையை மறித்துக் கட்டிய கரையில், புதுக் களிமண் பூசிய சரிவுக்கு நடுவே, பாய் அகலத்துக்கு ஒரு பச்சைத் திட்டு. ஆட்கள் அடைக்காமல் தாண்டிப் போன இடம்.

"தொரை, என்னோட கரைக்கு ஒரு எட்டு வாங்க."

"எதுக்கு?"

"வாங்க தொரை. வந்து பார்த்துட்டு அப்புறம் கப்பல்ல ஏத்துங்க."

அவள் சொன்ன தொனியில் துரை எழுந்து நடந்தார். கரை முழுக்க மழை அறுத்த வடு. அந்தத் திட்டு மட்டும் போட்டது போட்டபடி இருந்தது. சாகட்டும் என்று வேர் வானம் பார்க்கக் குவித்து வைத்த குப்பை. அடியில் கிடந்தது சாகாமல் மணலைப் பிடித்துக்கொண்டு விட்டது. துரை பூட்ஸ் குதிகாலால் உதைத்தார். அசையவில்லை. குனிந்து ஒரு கையால் இழுத்தார், பிறகு இரண்டு கையாலும் இழுத்தார். தலை அறுந்து, துரை பின்பக்கமாக உட்கார்ந்துவிட்டார். கிராணி மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் முகத்தை மறைத்துக்கொண்டார்.

"வருஷா வருஷம் கரை சரியுது, களிமண்ணு சுமக்குறீங்க, தொழிற்சாலைக்குக் கலங்கல் தண்ணி போகுது," என்றாள் பேச்சியம்மாள். "அடுத்த மழைக்குள்ள கரை முழுக்க இதை நட்டுட்டா, அப்புறம் யாரும் வேண்டாம். ஆனா நடுறதுக்கு ஆள் வேணும். கரை அரை மைல்."

துரை எழுந்து கால்சட்டையைத் தட்டிக்கொண்டார். சிரிக்கவில்லை. கரையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தார். "எத்தனை பேர்?"

"எட்டுப் பேர். என் கும்பல்தான் வேணும். வேற யாரும் தொட்டா களைன்னு பிடுங்கிப் போட்டுருவாங்க."

நடந்த கதை கிராணிக்குத் தெரியும். அவருக்கு இருமல் வந்தது. இருமி முடித்துவிட்டு, "அந்தக் கும்பல்ல மூணு பேர் லிஸ்ட்ல இருக்காங்க, சார்," என்றார். துரை லிஸ்ட்டை வாங்கி முழங்காலில் வைத்து மூன்று கோடு கிழித்தார். பேச்சியம்மாள் பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. கோடு கோடாகத்தான் விழுகிறது என்பது மட்டும் தெரிந்தது. புருஷன் செத்த பிறகு அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து அப்போது அழுகையாக வந்தது.

பங்குனியில் அறுபது பேரை ஏற்றிக்கொண்டு லாரிகள் போயின. அவளும் கிருஷ்ணம்மாவும் கடைசி லாரி மறையும் வரை நின்றார்கள். போனவர்கள் எல்லாரும் தெரிந்த முகம். தங்களுக்குக் கிடைத்தது அவர்களுக்குக் கிடைக்கவில்லையே என்று மனசு அறுத்தது. அந்த வேதனை லேசில் போகவில்லை, போகக் கூடாது என்றும் அவள் நினைத்தாள்.

மறுநாள் பெரட்டில் வரிசைகள் சின்னதாக இருந்தன. ஜெயபாலன் கிராணி பெயர் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.

"பேச்சியம்மாள்."

"வந்திருக்கேனுங்க."

கிராணியின் பேனா எழுதப்போய் நின்றது. "பத்தொம்பது வருஷமா உன் பேருக்கு நேரா களையெடுப்புன்னு எழுதி எழுதிக் கை அப்படியே போகுது. இப்ப என்ன வேலைன்னு போட?"

"நடவுன்னு போடுங்கய்யா," என்றாள் பேச்சியம்மாள். பிறகு ஓர் அடி முன்னால் வந்தாள். "நல்லா அழுத்திப் போடுங்க."

கிராணி அழுத்தினார். மை அடுத்த பக்கத்துக்கும் இறங்கியது.